கோவப்படுற பிள்ளைக்கு அமைதி ஆகுறதை கத்துக்கொடுக்கிறது எப்படி: கேஎல் (கோலாலம்பூர்) அம்மா அப்பாவுக்கு ஒரு வழிகாட்டி

எங்க பையன் ஒண்ணாம் ஆண்டு சேர்ந்த புதுசுல கோவம் வந்தா பென்சில் பாக்ஸை வீசுறது, கதவை உதைக்கிறது, தங்கச்சி கையை கடிக்கிறதுன்னு வீடே ரெண்டா போச்சு. யாரை கேட்டாலும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க, கோயில்ல மந்திரிச்சு கயிறு கட்டு, ரெண்டு போடு, வளர்ந்தா சரியாயிடும், உடனே ஸ்பெஷலிஸ்ட் பாரு. ஆனா வீட்டுல என்ன செய்யணும், எந்த சூராட் (கடிதம்) எடுத்துக்கிட்டு எங்க போகணும், எவ்ளோ செலவாகும்னு ஒரே இடத்துல யாருமே சொல்லல, ஒவ்வொரு இடமா அலைஞ்சு கேட்டு தான் தெரிஞ்சுக்கிட்டோம். நீங்களும் அப்படி அலைய வேணாம்னு தான் வரிசையா எழுதுறேன்.

இது ஏறக்குறைய 4 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு. ரெண்டு மூணு வயசு குழந்தை தரையில விழுந்து கத்துறது அந்த வயசுக்கு சகஜம், அதுக்கு தூக்கி வச்சுக்கிட்டு கூட இருந்தாலே போதும், பயப்படாதீங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்குங்க. கீழ சொல்ற எந்த பயிற்சியா இருந்தாலும் பிள்ளை சந்தோஷமா, சும்மா இருக்கிற நேரத்துல தான் சொல்லிக்கொடுக்கணும். வீட்டுக்குள்ள வெள்ளம் ஏறின அப்புறம் லோங்காங் (சாக்கடை) வெட்டி பிரயோஜனம் இல்ல. கத்திக்கிட்டு இருக்கிற பிள்ளைகிட்ட போய் "மூச்சு விடு, மூச்சு விடு"ன்னு சொன்னா இன்னும் ஏறும், ஏன்னா அந்த நேரத்துல புதுசா எதையும் கத்துக்கிற நிலைமையில அது இல்ல, ஏற்கனவே பழகினது தான் வெளிய வரும்.

ஒரு ரெண்டு மாசம் டைம் குடுங்க. ஒரு வாரத்துல மாறலன்னு விட்டுடாதீங்க.

1. முதல்ல தூக்கமும் சாப்பாடும்

இது சின்ன விஷயம்னு தாண்டி போயிடாதீங்க. 6-ல இருந்து 12 வயசு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9-ல இருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும்னு அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி சொல்லுது, 3-ல இருந்து 5 வயசுக்கு பகல் தூக்கத்தோட சேர்த்து 10-ல இருந்து 13. நம்ம ஊர்ல ஸ்கூல் வேன் விடியறதுக்கு முன்னாடியே வந்துடுது, அஞ்சரைக்கு எழுப்புறோம், அப்படின்னா ராத்திரி எட்டரைக்கே தூங்கினா தான் 9 மணி நேரம் வரும். பத்தரை வரைக்கும் போன் பாத்துட்டு படுக்கிற பிள்ளைக்கு எவ்ளோ மூச்சு பயிற்சி குடுத்தாலும் எடுபடாது.

அதே மாதிரி மத்தியானம் ஸ்கூல் விட்டு வேன்ல ஒரு மணி நேரம் ஜாம்ல உக்காந்து வர்ற பிள்ளை பசியில தான் வரும். வீட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே "ஹோம்வர்க் என்ன"ன்னு கேக்காதீங்க. முதல்ல தண்ணி, சாப்பாடு, குளியல். எங்க வீட்டு சண்டையில பாதி இந்த நேரத்துல தான் நடந்துச்சு.

2. ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க

ஒரு சாதாரண எக்சசைஸ் புக் போதும். கோவம் வர்ற ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பிள்ளை என்ன பண்ணுச்சு, எவ்ளோ நேரம் இருந்துச்சு, எப்படி அடங்குச்சுன்னு ரெண்டு வரி. பெருசா எழுத வேணாம், போன்ல டைப் பண்ணி வச்சாலும் சரி. "சும்மா சும்மா கோவப்படுறான்"னு நாம நினைக்கிறது எழுதிப்பாத்தா அப்படி இருக்காது, டேப்லட்டை பிடுங்கும்போது, விளையாட்டுல தோத்தா, தங்கச்சி பொருளை தொட்டா, வாசிக்க சொன்னான்னு ஒரு நாலு இடத்துக்குள்ள தான் சுத்தும்.

இந்த நோட்டை பத்திரமா வைங்க, பின்னாடி டாக்டர்கிட்ட போக வேண்டி வந்தா உங்க கையில இருக்கிற டாக்குமெண்ட்லயே ரொம்ப முக்கியமானது இது தான். டாக்டர் கேக்கிற முதல் கேள்வியே "எத்தனை நாளா, வாரத்துக்கு எத்தனை தடவை"ன்னு தான் இருக்கும், அப்ப யோசிச்சு சொன்னா சரியா வராது.

3. கோவத்துக்கு நம்பர் வைக்க சொல்லிக்கொடுங்க

ஒரு பேப்பர்ல தெர்மாமீட்டர் வரைஞ்சு 1-ல இருந்து 5 வரைக்கும் கலர் அடிக்க சொல்லுங்க. 1 பச்சை, நல்லா இருக்கேன். 3 மஞ்சள், எரிச்சலா இருக்கு. 5 சிவப்பு, அடிக்க தோணுது. ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வைங்க. அப்புறம் ஒவ்வொரு நம்பர்லயும் உடம்பு என்ன பண்ணுதுன்னு பிள்ளையையே கேளுங்க, காது சுடுதா, கை இறுகுதா, நெஞ்சு படபடன்னு அடிக்குதா, அழுகை வர்ற மாதிரி தொண்டை அடைக்குதா. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு அடையாளம், எங்க பையனுக்கு காது தான் முதல்ல சிவக்கும்.

சாப்பிடும்போது வீட்டுல எல்லாரும் நம்பர் சொல்லுங்க. "அம்மா இன்னிக்கு ஆபீஸ் விட்டு வரும்போது 4-ல இருந்தேன், ஜாலான் ஈப்போவுல அவ்ளோ ஜாம், ரேடியோவை ஆஃப் பண்ணிட்டு மெதுவா மூச்சு விட்டுக்கிட்டு வந்தேன், இப்ப 2." பிள்ளை இதை கேட்டாலே போதும், கோவம் எல்லாருக்கும் வரும், இறக்கவும் முடியும்னு புரிஞ்சுக்கும். பயிற்சி எல்லாம் 3-ல இருக்கும்போது வேலை செய்யும், 5-ல செய்யாது, அதனால 3-ஐ கண்டுபிடிக்க பழக்குறது தான் இந்த ஸ்டெப்போட நோக்கமே.

4. மூச்சு

இதுக்கு தான் நேரம் செலவு பண்ணணும். மூச்சை உள்ள இழுக்கிறதை விட மெதுவா நீளமா வெளிய விடுறது தான் முக்கியம், வெளிய விடும்போது தான் இதயத்துடிப்பு குறையும். நாம "பெரிய மூச்சு எடு"ன்னு சொன்னா பிள்ளைங்க தோளை தூக்கி வேகவேகமா இழுக்கும், அப்படி பண்ணா தலை சுத்தும், கோவமும் இறங்காது. இது ரொம்ப பேர் மாட்டிக்கிற இடம்.

சின்ன பிள்ளைக்கு சோப்பு குமிழி வாங்கி குடுங்க, பசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) ரெண்டு மூணு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். வேகமா ஊதினா குமிழி உடைஞ்சிடும், மெதுவா ஊதினா தான் பெருசா வரும், நீங்க ஒரு வார்த்தை சொல்லாமலே நீள மூச்சு பழகிடும். ஒரு வாரம் கழிச்சு பாட்டில் இல்லாம விரலை வாய்கிட்ட வச்சு குமிழி ஊதுற மாதிரி ஊத சொல்லுங்க. அது தான் ஸ்கூல்ல யூஸ் ஆகும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைன்னா படுக்க வச்சு தொப்புள் மேல ஒரு சின்ன பொம்மை வைங்க. மூக்கால மெதுவா இழுத்தா பொம்மை மேல ஏறணும், வாயால விட்டா கீழ இறங்கணும், நெஞ்சு ரொம்ப ஆடக்கூடாது. மனசுக்குள்ள 3 எண்ணி உள்ள, 5 எண்ணி வெளிய. எட்டு வயசுக்கு மேலன்னா 4 உள்ள, 6 வெளிய. அஞ்சு மூச்சு போதும், பத்து பதினஞ்சுன்னு இழுக்காதீங்க, போரடிச்சிடும்.

எப்ப பண்றது? ராத்திரி படுக்கும்போது, தினமும், அதே நேரத்துல. ரெண்டு நிமிஷம். கூட நீங்களும் படுத்து பண்ணுங்க. தண்டனையா மட்டும் குடுத்துடாதீங்க, "அடிச்சேல்ல, போய் பத்து மூச்சு விட்டுட்டு வா"ன்னு ஒரு தடவை சொன்னீங்கன்னா அந்த பயிற்சி மேலயே வெறுப்பு வந்துடும்.

5. உடம்பை இறுக்கி விடுறது

மூச்சு கொஞ்சம் பழகின அப்புறம் இதை சேருங்க. ரெண்டு கையிலயும் எலுமிச்சம்பழம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு சாறு வர்ற மாதிரி நல்லா பிழியணும், அஞ்சு எண்ணணும், அப்புறம் பழத்தை கீழ போட்டுட்டு கை தொளதொளன்னு தொங்கணும், பத்து எண்ணணும். அடுத்து தோளை காது வரைக்கும் தூக்கி விடுறது, அடுத்து வயித்தை உள்ள இழுத்து விடுறது, கடைசியா கால் விரலை மண்ணுக்குள்ள புதைக்கிற மாதிரி அமுக்கி விடுறது. மொத்தமே அஞ்சு நிமிஷம். இறுக்கம்னா என்ன, தளர்வுன்னா என்னன்னு உடம்பு பிரிச்சு தெரிஞ்சுக்கும், அடி பட்ட இடம், வலி இருக்கிற இடம் இருந்தா அதை விட்டுடுங்க.

சின்ன பிள்ளைங்களுக்கு ஆமை பயிற்சி ரொம்ப பிடிக்கும். நாலே ஸ்டெப்: நில்லு, கையை கட்டி தலையை உள்ள இழுத்து ஓட்டுக்குள்ள போ, மூணு மூச்சு விடு, இப்ப என்ன பண்ணலாம்னு யோசிச்சு வெளிய வா. பாலர் பள்ளி டீச்சர்ஸ் நிறைய பேருக்கு இது தெரியும், உங்க பிள்ளையோட டீச்சர்கிட்ட கேட்டு பாருங்க, ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி பண்ணா சீக்கிரம் பிடிச்சுக்கும்.

இங்க ஒரு எச்சரிக்கை. தலகாணியை குத்த விடு, வாய் விட்டு கத்தட்டும், கோவம் வெளிய போயிடும்னு நிறைய பேர் சொல்லுவாங்க. அப்படி ஆகுறதில்ல. 2024-ல ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க 154 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து பாத்தப்ப, உடம்போட படபடப்பை குறைக்கிற மூச்சு பயிற்சி, தியானம், தசை தளர்வு மாதிரி விஷயங்கள் தான் கோவத்தை குறைச்சிருக்கு, உடம்பை இன்னும் ஏத்துற விஷயங்கள் குறைக்கல. பிள்ளை ஓடி ஆடுறது உடம்புக்கும் தூக்கத்துக்கும் நல்லது, சாயங்காலம் தித்திவங்சா ஏரி பக்கம் கூட்டிட்டு போய் நல்லா ஓட விடுங்க, ஆனா கோவம் வந்த அந்த நிமிஷத்துல குத்த விடாதீங்க.

6. வீட்டுல ஒரு மூலை

ஃப்ளாட்ல இடம் இல்லன்னு சொல்லாதீங்க, அலமாரிக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் போதும். ஒரு தலகாணி, அமுக்குற சாஃப்ட் பால் ஒண்ணு, குமிழி பாட்டில், கலர் பென்சில், பேப்பர், அந்த நம்பர் தெர்மாமீட்டர். எல்லாம் சேர்த்து இருபது வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும். டிவி, போன் வேணாம். மூலையை பிள்ளையே அலங்காரம் பண்ணட்டும், பேர் வைக்கட்டும். அது தண்டனை இடம் இல்ல, நீங்களும் டென்ஷனா இருக்கிற நாள்ல போய் உக்காருங்க.

7. வெடிக்கிற நேரத்துல நீங்க என்ன பண்ணணும்

முதல்ல ஆபத்து இருக்கான்னு பாருங்க. சின்ன குழந்தை பக்கத்துல இருந்தா தூக்கிட்டு நகருங்க, கையில இருக்கிற கனமான பொருளை வாங்கி வைங்க, மாடி வீடுன்னா பால்கனி கதவு, ஜன்னல் கிரில் எப்பவும் பூட்டி இருக்கட்டும்.

அப்புறம் உங்க குரலை இறக்குங்க. பிள்ளை உயரத்துக்கு குனிஞ்சு, ஒரு கை தூரம் தள்ளி, "ரொம்ப கோவமா இருக்கே தம்பி, அம்மா இங்கயே இருக்கேன்." அவ்ளோ தான். ஏன் பண்ணே, எத்தனை தடவை சொல்றது, அப்பா வரட்டும், இதெல்லாம் இப்ப வேணாம். "மாத்தா (போலீஸ்) வந்து புடிச்சிட்டு போயிடுவான்"னு பயமுறுத்தாதீங்க, பயந்து வாயை மூடுற பிள்ளை அமைதியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ரோத்தானையும் (பிரம்பு) எடுக்காதீங்க. கோவம் வந்தா பெரியவங்களும் அடிப்பாங்கன்னு தான் அது கத்துக்கும், நாம சொல்லிக்கொடுக்கிறதுக்கு நேர் எதிர்.

சில பிள்ளைக்கு கட்டிப்பிடிச்சா இறங்கும், சில பிள்ளைக்கு தொட்டாலே ஏறும். சும்மா இருக்கிற நேரத்துல கேட்டு வச்சுக்குங்க, "கோவம் வந்தா அம்மா கட்டிக்கவா, தள்ளி நிக்கவா?"

இறங்கின அப்புறமும் உடனே அட்வைஸ் ஆரம்பிக்காதீங்க. தண்ணி குடுங்க, அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் சுருக்கமா மூணு கேள்வி: என்ன ஆச்சு, அப்ப எத்தனை நம்பர்ல இருந்தே, அடுத்த தடவை 3-ல இருக்கும்போது என்ன பண்ணலாம். உடைச்சதை அது தான் எடுத்து வைக்கணும், அடிச்சிருந்தா அது தான் போய் தங்கச்சியை சமாதானப்படுத்தணும். கோவப்பட்டதுக்கு திட்டு இல்ல, அடிச்சதுக்கு பொறுப்பு உண்டு. அதோட எதுக்காக கத்துச்சோ அதை குடுத்துடாதீங்க, கத்தினா டேப்லட் கிடைக்கும்னு ஒரு தடவை தெரிஞ்சா நீங்க முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

8. வீட்டு பெரியவங்களோட பேசுங்க

நாம ஒண்ணு சொல்ல பாட்டி ஒண்ணு சொன்னா எதுவும் நிக்காது. பாட்டியை குறை சொல்ற மாதிரி பேசினா வேலைக்கு ஆகாது, அவங்களுக்கு ஒரு வேலை குடுங்க. "அத்தை, ராத்திரி அவன் பொம்மை வச்சு மூச்சு விடுறப்ப நீங்க கூட இருந்து எண்ணுங்களேன், நீங்க எண்ணினா தான் அவன் கேக்கிறான்." எங்க வீட்டுல இதுக்கு அப்புறம் அவங்களே அவனுக்கு ஞாபகப்படுத்த ஆரம்பிச்சாங்க. தீபாவளி, தைப்பூசம் மாதிரி கூட்டம் இருக்கிற நாளுக்கு முன்னாடியே பிள்ளைகிட்ட சொல்லி வைங்க, சத்தமா இருக்கும், தாங்க முடியலன்னா அம்மா கையை ரெண்டு தடவை அமுக்கு, நாம வெளிய போயிடலாம்னு. பத்துமலை படிக்கட்டுல வச்சு சமாளிக்கிறது ரொம்ப கஷ்டம்.

9. ஸ்கூல்ல சொல்லி வைங்க

கம்ப்ளெயின்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. வகுப்பு டீச்சரை நேர்ல பாத்து, வீட்டுல என்ன பண்றோம்னு ஒரு பக்கத்துல எழுதி குடுங்க: 3-ல இருக்கும்போது பிள்ளை என்ன பண்ணும், அப்ப என்ன சொன்னா இறங்கும், என்ன சொன்னா ஏறும். மஞ்சள் கார்டு ஒண்ணு பென்சில் பாக்ஸ்ல வச்சு, அதை மேசை மேல வச்சா ரெண்டு நிமிஷம் முகம் கழுவிட்டு வரலாம்னு ஏற்பாடு பண்ணிக்கலாம். கவுன்சலிங் டீச்சர் இருக்காங்களான்னு கேளுங்க, சின்ன தமிழ்ப்பள்ளிகள்ல முழுநேரம் இல்லாமலும் இருக்கலாம். அவங்களை பாக்க காசு எதுவும் இல்ல. டீச்சர் எழுதி குடுக்கிற எதையும் காப்பி எடுத்து வைங்க.

10. எப்ப டாக்டர்கிட்ட போகணும், என்ன எடுத்துக்கிட்டு போகணும்

ரெண்டு மாசம் ஒழுங்கா பண்ணியும் குறையல, இல்ல அடிக்கடி மத்தவங்களுக்கு காயம் ஆகுற அளவுக்கு போகுது, தன்னையே அடிச்சுக்குது, மிருகங்களை துன்புறுத்துது, ஸ்கூலுக்கே போக முடியல, பேச்சு வயசுக்கு தகுந்த மாதிரி வரல, கொஞ்ச நேரம் கூட ஒரு இடத்துல உக்கார முடியலன்னா காத்திருக்காம போங்க. கோவத்துக்கு பின்னாடி காது சரியா கேக்காதது, வாசிக்கிறதுல சிரமம், ஏடிஎச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கிறது), ஆட்டிசம், ஸ்கூல்ல யாராவது கொடுமை பண்றதுன்னு வேற காரணம் இருக்கலாம். "செத்து போறேன்"னு பிள்ளை சொன்னா சின்ன பிள்ளை பேச்சுன்னு விடாதீங்க, தனியா விடாம நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போங்க, இல்ல 999 கூப்பிடுங்க. பேசி ஆலோசனை கேக்கணும்னா சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555, பிள்ளைக்கு யாராவது கொடுமை பண்றாங்கன்னு சந்தேகம்னா தாலியான் காசே உதவி லைன் 15999.

அவசரம் இல்லன்னா செலவு கம்மியான வழி கிளினிக் கெசிஹாத்தான் (கவர்ன்மெண்ட் கிளினிக்). குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. அங்க டாக்டர் பாத்துட்டு தேவைன்னா கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்டுக்கு சூராட் ருஜுக்கான் (பரிந்துரை கடிதம்) குடுப்பாங்க, ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்ல குடிமக்களுக்கு ஒரு தடவைக்கு 5 வெள்ளி. பிபியூஎம் மாதிரி யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியில கட்டணம் வேற, முன்னாடியே போன் பண்ணி கேளுங்க. மைசெஜாத்ரா ஆப்ல கிளினிக்குக்கு அப்பாயின்ட்மெண்ட் போடலாம், இல்ல காலையில சீக்கிரமே போய் நம்பர் எடுங்க.

ஒரே ஃபைல்ல வைக்க வேண்டியது:
- பிள்ளையோட மைகிட் (பிள்ளைங்க அடையாள கார்டு), சூராட் பெரானாக் (பிறப்பு சர்டிபிகேட்), காப்பியோட
- அம்மா அப்பா ஐசி (அடையாள கார்டு)
- குழந்தையில இருந்து ஊசி போட்ட கிளினிக் புக்
- ஸ்கூல் ரிப்போர்ட், டீச்சர் எழுதின குறிப்பு
- அந்த ரெண்டு வார நோட்டு
- போன்ல ஒண்ணு ரெண்டு சின்ன வீடியோ, டாக்டருக்கு காட்ட மட்டும், ஃபேமிலி குரூப்ல போட்டுடாதீங்க

ஸ்பெஷலிஸ்ட் தேதி வாரக்கணக்குல இல்ல மாசக்கணக்குல தள்ளி தான் கிடைக்கும். தேதி கிடைச்ச அன்னிக்கே அந்த சூராட்டை போட்டோ எடுத்து வைங்க, கான்சல் ஆனா கூப்பிடுங்கன்னு கவுன்டர்ல சொல்லி வைங்க. அந்த இடைவெளியில வீட்டு பயிற்சியை நிறுத்தாதீங்க.

காத்திருக்க முடியலன்னு பிரைவேட் போறவங்களுக்கு: கேஎல்ல ஒரு தடவைக்கு 150 வெள்ளியில இருந்து 300 வெள்ளிக்கு மேல கூட ஆகும், முதல் தடவை அதிகமா இருக்கும். கவுன்சலர்னா 1998 கவுன்சலர் சட்டத்துக்கு கீழ பதிவு பண்ணியிருக்கணும், அவங்க பேருக்கு பின்னாடி கேபி (பதிவு) நம்பர், பிஏ (தொழில் பண்ற அனுமதி) நம்பர் ரெண்டும் இருக்கும், தயங்காம கேளுங்க. பிஏ இல்லாதவங்க கவுன்சலரா தொழில் பண்ணக்கூடாது. பத்து செஷன் பேக்கேஜ், முன்பணம் கட்டினா டிஸ்கவுண்ட், மூணு நாள் கேம்ப்ல கோவமே போயிடும்னு சொல்றவங்ககிட்ட காசு குடுக்காதீங்க, ஒவ்வொரு தடவையா கட்டுங்க. தமிழ்ல பேசுறவங்க வேணும்னா அப்பாயின்ட்மெண்ட் போடும்போதே சொல்லுங்க, பிள்ளை வீட்டுல எந்த மொழியில அழுதோ அந்த மொழியில பேசினா தான் மனசு திறக்கும்.

இன்னும் ஒண்ணு, நிறைய அப்பாங்க பயப்படுறது: மனநல கிளினிக்குக்கு போனா ரெக்கார்ட்ல ஏறி ஓக்கேயு (மாற்றுத்திறனாளி) கார்டு போட்டுடுவாங்களோன்னு. அப்படி தானா எதுவும் நடக்காது. ஓக்கேயு பதிவு அம்மா அப்பா விண்ணப்பம் போட்டு டாக்டர் உறுதி பண்ணா தான், அதுவும் தேவைப்படுற பிள்ளைக்கு உதவி கிடைக்கிறதுக்காக. அதுக்கு பயந்து தேதியை தள்ளி போடாதீங்க.

முதல் தடவை போகும்போது அம்மா அப்பா ரெண்டு பேரும் லீவு போட்டு போங்க. ஒருத்தர் டாக்டர்கிட்ட பேசும்போது இன்னொருத்தர் பிள்ளையோட வெளிய இருக்கணும், பிள்ளை கண் முன்னாடியே அதை பத்தி "இவன் இப்படி பண்றான் டாக்டர்"னு சொல்லாதீங்க. பைக்குள்ள தண்ணி, பிஸ்கட், அந்த சாஃப்ட் பால் வச்சுக்குங்க, காலையில போனா மத்தியானம் ஆயிடும்.